கறுப்பு டி-ஷர்ட்டில் நீர்வண்ண ஓவியம் ஏறுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைச் சீரமைக்கும் இளைஞர் குழுவுக்காக 60 கறுப்பு டி-ஷர்ட்டும் காடாத் துணியில் இரண்டு பேனரும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சிட விரும்புகிறோம். ஏரி, பனைமரங்கள், நீர்க்காகம் ஆகியவற்றை நீர்வண்ணத்தில் வரைந்து கொடுத்தேன். "இத்தனை நிறம் முடியாது" என்கிறார் அச்சகத்தார். படத்தை எப்படி மாற்றுவது?

பதில்: அச்சகத்தார் சொல்வது சரிதான். ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிலிம் (அந்த நிறப் பகுதி மட்டும் கறுப்பாக இருக்கும் ஒளிபுகும் தாள்), தனிச் சட்டம் (மை இறங்கும் வலைத்துணி கட்டிய சட்டம்). நீர்வண்ணத்தின் கரைந்து மங்கும் சாயல்களைப் புள்ளிகளாக உடைத்து அச்சிட முடியும். ஆனால் கறுப்புத் துணியில் முதலில் வெள்ளை அடித்தளம் போட்டு, அதன்மேல் அந்த நுண்புள்ளிகளைப் பிசகாமல் பொருத்துவது தேர்ந்த கைகளுக்கே சிரமம். இருக்கும் ஓவியத்தில் நிறங்களைக் குறைக்க முயலாதீர்கள். மூன்றே நிறத்துக்கென்று புதிதாக வரையுங்கள்.

வெள்ளை, காவி, பச்சை போதும். நான்காவது நிறமான கறுப்பைத் துணியே தருகிறது. நீர்க்காகம் கறுப்புப் பறவை என்பது உங்களுக்குக் கிடைத்த வரம்! அதன் உடலை அச்சிடவே வேண்டாம். பின்னால் வெளிர்நிற நீரை அச்சிட்டால் பறவை தானே எழுந்து நிற்கும். வெள்ளைத் தாளில் வரைந்ததைக் கணினியில் தலைகீழ் நிறமாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் வெளிச்சமும் நிழலும் இடம் மாறிப் படம் பேயறைந்ததுபோல் ஆகிவிடும். கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் வரைந்து பழகினால் எங்கே ஒளி விழவேண்டும் என்பது கைக்குப் பிடிபடும்.

சாயல் வேண்டிய இடங்களில் பேனாக் கீற்றுகளைப் பயன்படுத்துங்கள். பனையோலைக்கு அதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரியவில்லை. அச்சாகும் அளவில் கோடு 0.4 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கோடுகளுக்கு நடுவே 0.6 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மை பரவி அடைத்துவிடும். காவிக்கும் பச்சைக்கும் அடியில் வரும் வெள்ளையைச் சுற்றிலும் சுமார் 0.3 மி.மீ. சுருக்கச் சொல்லுங்கள். சட்டம் சிறிது நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது.

தமிழ் எழுத்தில் முதலில் அடைபடுவது சுழிகளும் புள்ளிகளும்தான். ண, ழ, இ ஆகியவற்றின் உள்வெளி திறந்திருக்கும் தடித்த எழுத்தாகத் தேர்ந்தெடுங்கள். கணினிக் கோப்பை அனுப்பும்முன் எழுத்துகளை வளைகோடுகளாக (convert to curves), அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிவிடுங்கள். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் போய், ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் பேனர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கோட்டோவியத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, நிறத்துக்கொரு அடுக்காகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வோர் அடுக்கும் முழுக் கறுப்பில் இருக்கட்டும். நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாக வைக்க உதவும் பொருத்தக் குறிகள் நான்கு மூலைகளிலும் வேண்டும். டி-ஷர்ட்டின் மார்புப் பகுதிக்கு 28 செ.மீ. அகலம் நன்றாக இருக்கும்.

காடாத் துணி வெளிர்நிறம் என்பதால் வெள்ளை அடித்தளம் தேவையில்லை. ஆனால் பறவையும் கோடுகளும் தெரியக் கறுப்பு மை வேண்டும். அதற்குக் கூடுதலாக ஒரே ஒரு சட்டம் செய்தால் போதும். காவி, பச்சைச் சட்டங்கள் இங்கும் பயன்படும். இரண்டு பேனருக்காகப் பெரிய சட்டங்கள் செய்வது வீண் செலவு. படத்தை அதே அளவில் இரண்டு மூன்று முறை வரிசையாக அச்சிட்டு, வாசகத்தைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் வெட்டிய அச்சுத்தகடு வைத்துத் துணி வண்ணத்தால் ஒற்றி எடுங்கள். 30 அடி தொலைவில் படிக்க எழுத்து 3 அங்குல உயரமாவது வேண்டும். தமிழுக்கு 4 அங்குலம் வைப்பேன்.

மொத்தத்தையும் அச்சிடும்முன் ஒரு சட்டை மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒருநாள் கழித்துத் துவைத்துக் காயவைத்து, அச்சை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். மை வெடித்தால் சூட்டில் சரியாகப் பதப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். மீதி 59 சட்டைகளுக்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.