கௌபாய் தொப்பியை உருவாக்கியது யார்? மெக்சிகோவின் அகன்ற விளிம்புத் தொப்பியான சோம்ப்ரேரோவைப் பார்த்துச் செய்ததா?

பழைய தொப்பிகள் மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் மனதில் வைத்திருப்பது உச்சியில் பள்ளமும், முன்பக்கம் இரண்டு கிள்ளலும், இரு ஓரமும் மேலே சுருண்ட விளிம்பும் உள்ள தொப்பி. அதை முழுதாக ஒரே ஆள் உருவாக்கவில்லை என்பதுதான் என் பதில். சரக்கைக் கொடுத்தவர் ஜான் பி. ஸ்டெட்சன். உருவத்தைக் கொடுத்தவர்கள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு மாடு ஓட்டியவர்கள்.

ஸ்டெட்சன் 1830இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். அப்பாவும் தொப்பி செய்பவர்தான். இளம் வயதிலேயே காசநோய் வர, ஊரை விட்டு மேற்கே போனார். அங்கிருந்து கொலராடோவின் பைக்ஸ் பீக் பக்கம் தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். வழியில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூடாரத்துக்குப் பயன்படுத்திய தோல்கள் மழையில் நனைந்து நாறியிருக்கின்றன. நெய்யாமலே துணி செய்யலாம் என்று இவர் சொல்ல, கூட இருந்தவர்கள் நம்பவில்லை. உடனே தோலிலிருந்து ரோமத்தைச் சிரைத்து எடுத்து, ஒரு கொம்பை வளைத்து வார் கட்டி, நம் ஊரில் பஞ்சு கொட்டும் வில்லைப் போல அதை அதிரவிட்டு ரோமத்தைப் பறக்கவிட்டாராம். விழுந்து படிந்த ரோமத்தின் மேல் வாயால் தண்ணீரைத் தெளித்து, சுருட்டிக் கொதிநீரில் முக்கி எடுக்க, அது சுருங்கி இறுகிக் கம்பளமாகிவிட்டது. தொப்பி செய்யும் ஃபெல்ட் என்பது இதுதான். ரோமத்தின் மேல் இருக்கும் நுண்ணிய செதில்கள் சூடும் ஈரமும் அழுத்தமும் பட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் ரோமத்தில் இது இன்னும் நெருக்கமாக அமையும். தண்ணீர் எளிதில் இறங்காது.

1865இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கினார். அடுத்து அவர் கொண்டுவந்த தொப்பிக்கு 'பாஸ் ஆஃப் தி ப்ளெய்ன்ஸ்' என்று பெயர். சுமார் 4 அங்குல விளிம்பு, 4 அங்குல உச்சி, ஒரு சாதாரணப் பட்டை, அவ்வளவுதான். உச்சி உருண்டை, விளிம்பு தட்டை. பள்ளமும் கிடையாது, சுருளும் கிடையாது. இன்று அதை யாரிடமாவது காட்டினால் கௌபாய் தொப்பி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

அகன்ற விளிம்பு என்ற யோசனை மெக்சிகோவிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாட்டை வீசிப் பிடிக்கும் லாசோ கயிறு, சேணம், மாடு மடக்கும் வித்தை என்று அமெரிக்க கௌபாய்களின் தொழிலே மெக்சிகோவில் குதிரையேறி மாடு மேய்த்த வக்கேரோக்களிடம் கற்றதுதான். சோம்ப்ரேரோ மட்டும் எப்படி விட்டுப்போகும்? ஆனால் நகல் என்று சொல்ல மாட்டேன். ஸ்டெட்சன் தொப்பி அதைவிடச் சின்னது, அலங்காரம் இல்லாதது.

பள்ளம் விழுந்தது பயன்படுத்தியவர்களின் கையால். தொப்பியைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் உச்சியைப் பிடித்துப் பிடித்தே முன்பக்கம் கிள்ளல் விழுந்தது. பிறகு அதையே வேண்டுமென்று செய்ய ஆரம்பித்தார்கள். ஓரங்களையும் அவரவர் வசதிக்கு மடித்துக்கொண்டார்கள். நாம் திரையில் பார்க்கும் ஆளுயர உச்சி மிகவும் பிந்தியது. மௌனப் பட நட்சத்திரம் டாம் மிக்ஸ் போன்றவர்கள்தான் அதைப் பிரபலமாக்கினார்கள்.

அக்காலத்தில் மேற்கில் எல்லோருமே இதைத்தான் போட்டார்கள் என்பதும் சரியல்ல. 1900இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் புட்ச் காசிடி, சண்டான்ஸ் கிட் என்ற கொள்ளையர்களின் கும்பல் ஐந்து பேராக எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். நகரத்துக்கு வந்த இடத்தில் நன்றாக உடுத்தியிருக்கிறார்கள். ஐந்து தலையிலும் உருண்டை உச்சியும் குறுகிய விளிம்பும் உள்ள இங்கிலாந்து பௌலர் தொப்பி!

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரோமம் நன்றாகப் பிணைய வேண்டும் என்று தொப்பித் தொழிலில் பாதரச நைட்ரேட் பூசுவது அன்றைய வழக்கம். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும், புத்தி தடுமாறும். கனெடிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் தொப்பி ஆலைகள் அதிகம். இந்த நடுக்கத்துக்கு அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1941இல்தான் தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது. கேடு தெரிந்த பிறகும் பல்லாண்டு இழுத்தடித்தது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

நம்மில் பலர் இந்தத் தொப்பியின் வாரிசை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1896இல் ஆப்பிரிக்காவில் மட்டபெலே போரின்போது ஸ்டெட்சன் தொப்பி போடத் தொடங்கினார். சாரணர் தொப்பி அந்த வழியில் வந்தது: அதே தட்டை விளிம்பு, உச்சியில் மட்டும் நான்கு பக்கமும் கிள்ளல். அடுத்த முறை பேடன் பவல் படம் கண்ணில் பட்டால் விளிம்பைக் கவனியுங்கள். அதில் சுருள் இருக்காது.