வாசகர் கேள்வி – பதில்: மூன்றாம் நாள் வென்ஃப்ளானை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் மூன்றாம் நாள் ஆனதும், நன்றாக ஓடும் வென்ஃப்ளானையும் (ரத்த நாளத்தில் மருந்து ஏற்றப் பொருத்தும் சிறு குழாய்) கழற்றி வேறு கையில் போடுகிறோம். இது தேவையில்லை என்று ஆய்வு இருக்கிறதாமே? இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னால், “இங்கே எப்பவும் இப்படித்தான்” என்கிறார்.
– வாசகி, குழித்துறை

பதில்: ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நடந்தது. 2012-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மூன்றாம் நாள் மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் ஃப்ளெபைட்டிஸ் (ரத்த நாள அழற்சி) 7 சதவீதம்தான். ஆனால் இதை மட்டும் காட்டி வாதாட வேண்டாம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நாள் கணக்கைக் கைவிட்டபின் வென்ஃப்ளான் வழி ரத்தத் தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. 2021-ல் வெளியான தகவல் இது. நாள் கணக்கை எடுத்தால், அந்த இடத்தில் கண்காணிப்பு வந்தாக வேண்டும்.

இன்சார்ஜ் சிஸ்டரின் பதிலைப் பிடிவாதமாக எண்ணாதீர்கள். ஆய்வு முடிவுகளைப் பயன்படுத்த விடாமல் நர்ஸ்களைத் தடுப்பவை எவை என்று கேட்கும் 29 வரிப் பட்டியல் ஒன்று 1991-ல் அமெரிக்காவில் உருவானது. அதை வைத்துக் கேட்ட பல ஆய்வுகளில் ‘நேரமில்லை’, ‘மாற்றும் அதிகாரம் இல்லை’ என்ற இரண்டும் மேலே வந்துவிடுகின்றன. மாற்றாமல் விட்ட நோயாளிக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்குத் தேவை, மேலிடத்துக் கையெழுத்து.

ஆகவே ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இப்போது செய்வது, இரண்டு ஆய்வுகளும் சொல்வது, ஒரே ஒரு வார்டில் ஒரு மாதம் செய்ய நினைப்பது. தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் மூலம் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டிக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் இரண்டு வாரம், இப்போதைய முறையிலேயே, போட்ட வென்ஃப்ளான் எத்தனை, அதில் சிவந்து வீங்கியது எத்தனை என்று குறித்து வையுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால் புதிய முறையில் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்காணிப்புக்குத் தனி நேரம் கேட்டால் நடக்காது. ஆன்டிபயாடிக் போடும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள்: இடத்தைப் பார்த்து, தொட்டு, சலைன் ஃப்ளஷ் செய்து (உப்புநீர் செலுத்திக் குழாயைக் கழுவி), வி.ஐ.பி. மதிப்பெண்ணை (ரத்த நாள அழற்சியைக் கண்ணால் பார்த்து அளவிடும் எண்) சார்ட்டில் எழுதுங்கள். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்தால் மதிப்பெண் 2. அப்போதே கழற்ற வேண்டும். அவசரத்தில் சுத்தம் பார்க்காமல் போட்டது 48 மணி நேரத்துக்குள் மாறியாக வேண்டும். மருந்து நின்றுவிட்டால் வென்ஃப்ளானை ‘இருக்கட்டும்’ என்று விடாதீர்கள், கழற்றிவிடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வையால் பிளாஸ்டர் கிளம்பும். ஓரம் தூக்கினாலே டிரெஸ்ஸிங்கை மாற்றுங்கள். உள்ளே தெரியும் டிரெஸ்ஸிங் விலை கூடுதல்தான், ஆனால் பிரிக்காமல் பார்க்கலாம்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலமும் புள்ளிவிவரமும் புரிவதில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், தக்கலை

பதில்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் இணையதளத்தில் உள்ள எளிய மொழிச் சுருக்கங்களில் தொடங்குங்கள், இலவசம். கட்டுரையானால் மூன்றைத் தேடுங்கள்: யாரிடம் செய்தார்கள், எத்தனை பேர், எதை எண்ணினார்கள். பெரியவர்களிடம் செய்த ஆய்வை அப்படியே குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.