இரண்டாவது டாக்ஸிக்குக் காசில்லை

கேள்வி: ஆப்பிரிக்க இளைஞர்களுக்குக் 'கண்ணியமான வேலை' வாங்கித் தருகிறோம் என்று தொண்டு நிறுவனங்கள் ஊரைக் கூட்டுகின்றன. நாலு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. இதைத் தாண்டி ஏதாவது நடக்கிறதா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: நடக்கிறது. குரூப் போட்டோவும் நடக்கிறது, மறுக்கவில்லை.

வேலையை உண்டாக்குவது தொண்டு நிறுவனத்தால் ஆகிற காரியமில்லை. வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கிடக்கும் கல்லைப் புரட்டிப் போடலாம். அந்தக் கல் பல நேரம் பஸ் காசு அளவுதான் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லாரையும் சேர்த்தால், 15-24 வயதினரில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேருக்கு வேலை கிடைக்கவில்லை. நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஊருக்கு வெளியே டவுன்ஷிப்களில் கொண்டுபோய் வைத்தது. வேலை ஊருக்குள் இருக்கிறது. அங்கே டாக்ஸி என்றால் நம் ஷேர் வேன் மாதிரி. இரண்டு டாக்ஸி மாறிப் போகிற பெண்ணுக்கு முதல் சம்பளம் வருவதற்குள் கடன் வாங்கிய காசும் தீர்ந்துவிடும். நாலு நாள் வரவில்லை என்றால் முதலாளி சொல்வது, "பொறுப்பில்லாத பொண்ணு."

2011இல் அங்கே தொடங்கிய ஹராம்பீ என்ற அமைப்பு இதைக் கவனித்தது. ஆள் எங்கே குடியிருக்கிறார், எத்தனை டாக்ஸி மாற வேண்டும் என்று பார்த்து வேலைக்கு அனுப்புகிறது. பள்ளியில் வாங்கிய கணக்கு மார்க்கை மட்டும் வைத்து ஒதுக்காமல், கற்றுக்கொள்ளும் திறன் இருக்கிறதா என்று சோதிக்கிறது. அதன் இணையதளத்தை டேட்டா தீர்ந்த போனிலும் திறக்கலாம்.

சான்றிதழையும் ஒரேயடியாகக் கிண்டல் செய்ய வேண்டாம். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆய்வாளர்கள் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தேடப் பயணக் காசு கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்து, விண்ணப்பம் எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் பயணக் காசின் பலன் கரைந்துபோயிருந்தது. சான்றிதழ்க்காரர்களின் சம்பளம்தான் உயர்ந்திருந்தது. அதில் இருந்தது சோதித்துப் பார்த்த திறமை. வந்து உட்கார்ந்ததற்காகக் கொடுக்கும் காகிதம் வேறு.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் 'கண்ணியம்'. பிச்சை வேண்டாம், வேலை கொடுப்போம் என்று 2008இல் தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய சாமாசோர்ஸ், பின்னால் சாமா என்ற பெயரில் லாப நிறுவனமாக மாறியது. கென்யாவின் நைரோபியில் அதன் ஊழியர்கள் ஃபேஸ்புக்குக்காகக் கொலை, சித்திரவதை வீடியோக்களை நாள் முழுக்கப் பார்த்துக் கழித்துக்கட்டினார்கள். சொற்பச் சம்பளம், மனம் நொறுங்கிப்போனது என்று முன்னாள் ஊழியர் ஒருவர் 2022இல் வழக்குப் போட்டார். மறு வருடத் தொடக்கத்தில் அந்தப் பணியை விடுவதாக நிறுவனம் அறிவித்தது. ஏசி அறை, கம்ப்யூட்டர், மாதச் சம்பளம் எல்லாம் இருந்த வேலைதான்.

மாஸ்டர்கார்டு ஃபவுண்டேஷன் 2030க்குள் 3 கோடி ஆப்பிரிக்க இளைஞர்களுக்குக் கண்ணியமான வேலைக்கு வழிசெய்வதாக 2018இல் சொன்னது. சரி, நல்லது. அதில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருக்கிறார்கள், சம்பளச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்ற பட்டியல் வரட்டும். குரூப் போட்டோவை நானே அட்டையில் போடுகிறேன்.