மாடித் தொட்டியில் இலை நுனி கருகுகிறதா? உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரை அளந்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். எங்கள் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம், மிளகாய் விவசாயம். பிள்ளைகள் படிப்புக்காகக் கீழக்கரையில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கான்கிரீட்டையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், ஊரிலிருந்து கரிசல் மண்ணும் குண்டு மிளகாய் விதையும் கொண்டுவந்து மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டி வைத்தேன். மிளகாய், கறிவேப்பிலை, மல்லிகை, கொஞ்சம் கத்தரி. மூன்று மாதம் நன்றாக இருந்தது. இப்போது ஆடிக் காற்றில் இலை நுனி கருகுகிறது, ஓரம் சுருள்கிறது, பூ கொட்டுகிறது, மண் மேல் வெள்ளையாகப் படிகிறது. சத்துக் குறைவோ என்று யூரியாவும் டிஏபியும் வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. போர்த் தண்ணீரும் ஆர்ஓ மிஷினில் கழியும் தண்ணீரும்தான் ஊற்றுகிறேன். ஊரில் மூட்டை மூட்டையாக மிளகாய் எடுத்தவள் நான், இங்கே ஒரு தொட்டிச் செடி வர மாட்டேன் என்கிறது. வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று நர்சரியில் சொல்கிறார்கள், அது உண்மையா?

பதில்: வணக்கம்மா. யூரியா, டிஏபி இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. நுனியில் தொடங்கி ஓரமாகவே கருகி வருவது, மண் மேல் வெள்ளைப் படிவு, உரம் வைத்ததும் கூடிப்போனது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது உப்புதான். உரமும் ஒரு வகை உப்பு. ஏற்கனவே உப்பில் தவிக்கும் வேரில் அதையும் போட்டால் தொட்டி ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் தொங்கும், அதைப் பார்த்துப் பதறி நாம் இன்னும் ஒரு வாளி போர்த் தண்ணீரை ஊற்றுவோம், நிலைமை இன்னும் கெடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கடலை ஒட்டிய தெருக்களில் போர்த் தண்ணீரின் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று) 2000 என்று காட்டுவது அதிசயம் இல்லை. அப்படியென்றால் ஒரு லிட்டரில் 2 கிராம் உப்பு. பதினைந்து லிட்டர் மண் பிடிக்கும் ஒரு தொட்டிக்குத் தினம் 2 லிட்டர் ஊற்றினால் 4 கிராம், மாதம் 120 கிராம், இரண்டு மாதத்தில் கால் கிலோவை நெருங்கிவிடும். தண்ணீரை வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டு போய்விடும், உப்பு எங்கேயும் போகாது, அந்தப் பதினைந்து லிட்டர் மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் தொட்டிகள் மூன்று மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

ஆர்ஓ கழிவு நீரை உடனே நிறுத்துங்கள். அந்த மிஷின் உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் நல்ல தண்ணீரையும் மறுபக்கம் மிச்ச உப்பு முழுவதையும் பிரித்து விடுகிறது, அதனால் கழிந்து வரும் தண்ணீர் போர்த் தண்ணீரைவிட உப்புக் கூடியது. அதை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். குழாயில் நல்ல தண்ணீர் வரும் ஊரில் அந்த யோசனை சரி, நம் கரையில் அது செடிக்குக் கொல்லி. கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மனசை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் விளைந்த மிளகாய் இங்கே ஏன் விளையவில்லை? ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பயிர், வறண்ட பூமியில் விளைகிறது, அதனால் உப்பையும் தாங்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வறட்சியைத் தாங்குவது வேறு, உப்பைத் தாங்குவது வேறு. உங்கள் வயலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையைக் குடித்து, கரிசல் பிடித்து வைத்த ஈரத்திலேயே மாசி, பங்குனி வரை காய்க்கிறதே, அந்தச் செடி வாழ்நாள் முழுக்கக் குடித்தது மழைத்தண்ணீர். போர்த் தண்ணீரை அது பார்த்ததே இல்லை. ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ் 600, 700-ஐத் தாண்டினாலே மிளகாயின் மகசூல் இறங்கத் தொடங்கும். அதே விதைதான், அதே கைதான், தண்ணீர்தான் மாறிவிட்டது.

மண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு, சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆசையாகக் கொண்டுவந்த மண். கரிசல் வயலில் தங்கம், தொட்டியில் அப்படி இல்லை. காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விடும், ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகக் கீழே ஓடிவிடும், நடுவில் இருக்கும் வேர்க்கட்டி நனைவதே இல்லை. நனைந்தால் களியாக இறுகி வடியாது, வடியாவிட்டால் உப்பு வெளியேறாது. அதற்காக எறிந்துவிட வேண்டாம். செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்து, அதில் உங்கள் கரிசலைக் கால் பங்கு வரை சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர் மண்ணும் தொட்டியில் இருக்கும், தண்ணீரும் வடியும். பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை எடுத்துவிடாதீர்கள். தென்னை நார்க் கழிவு வாங்கினால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற அன்று நிறைத்து வைக்கிற குடத்திலிருந்து செடிக்கு எடுக்க எந்த வீட்டிலும் மனசு வராது, எடுக்கவும் கூடாது. ஆனால் அரிசி களைந்த தண்ணீர், பருப்பு, காய் கழுவிய தண்ணீர் எல்லாம் அந்த நல்ல தண்ணீர்தானே? உப்புச் சேர்ப்பதற்கு முன்னால் உள்ளதை எல்லாம் ஒரு வாளியில் சேர்த்தால் நாலு பேர் உள்ள வீட்டில் தினம் ஏழெட்டு லிட்டர் தேறும். மீன் கழுவிய தண்ணீரையும் ஊற்றலாம், மண்ணைக் கிளறி உள்ளே விட்டு மூடினால் பூனையும் காக்கையும் வராது. கருவாடு ஊறவைத்த தண்ணீரை மட்டும் தவறியும் ஊற்றாதீர்கள். ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டுவது கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர். போர்த் தண்ணீர் 2000 என்றால் ஏசித் தண்ணீரையும் அதையும் பாதிக்குப் பாதி கலந்தால் 1000-க்கு வந்துவிடும், கத்தரி அதில் ஓரளவு சமாளிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது மழை. நம் மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய அந்த மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் விழுகிறது, சிந்தியது சிதறியது போக 700 லிட்டராவது பிடிக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் மாடியிலும் ஒரு குழாய் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தக் குழாயை இரண்டு டிரம்முக்குத் திருப்புங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள், கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று) ஆறு மாதமாக மாடியில் படியவிட்ட உப்புத் தூசியெல்லாம் அதில்தான் வரும். டிரம் வாயைத் துணியாலோ கொசுவலையாலோ இறுக்கிக் கட்டாமல் விட்டால் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிய மாதிரி ஆகிவிடும், பிள்ளைகள் இருக்கிற வீடு.

சரி, இப்போது இருக்கிற பன்னிரண்டு தொட்டியை என்ன செய்வது? உப்பை வெளியேற்ற ஒரே வழி கழுவி இறக்குவதுதான். பதினைந்து லிட்டர் தொட்டி என்றால் முப்பது லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டாமல், நாலைந்து தடவையாக, ஒவ்வொரு தடவையும் அடியில் வடிந்து முடிந்ததும் அடுத்தது என்று ஊற்ற வேண்டும். அதற்கு முன் மேலே படிந்த வெள்ளையை ஓர் அங்குல மண்ணோடு சுரண்டி எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். பன்னிரண்டுக்கும் செய்ய 360 லிட்டர் வேண்டும், ஆடி மாதத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. அதனால் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் மட்டும் இந்த வாரம் செய்யுங்கள், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும். மழை தொடங்கியதும் தொட்டியின் அடித்தட்டுகளை எடுத்துவிட்டு, செடிகளை வெட்டவெளியில் நனைய விடுங்கள், நாலு நல்ல மழையில் நாம் இத்தனை நாள் சேர்த்த உப்பு இறங்கிவிடும். வடிகிற அந்தத் தண்ணீர் மாடியில் தேங்கக் கூடாது, நேரே வடிகாலுக்குப் போகட்டும், கடலோரக் கட்டடத்தில் கம்பி ஏற்கனவே துருப்பிடிக்கிற அவசரத்தில் இருக்கும். தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள், ஈர மண் நிறைந்த பதினைந்து லிட்டர் தொட்டி இருபது கிலோவைத் தாண்டும்.

கச்சானைப் பற்றிக் கேட்காமலே எழுதிவிட்டீர்கள், ஆடிக் காற்று என்று. தென்மேற்கு ஓரச் செடிகள்தான் அதிகம் கருகியிருக்கும், பார்த்தீர்களா? காற்று கொண்டுவரும் உப்புத் துளி இலையிலேயே படிகிறது. அந்தப் பக்கம் நாலு அடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். தகரமோ பலகையோ வேண்டாம், முழுசாக மறைத்தால் காற்று தாண்டிக் குதித்து உள்ளே சுழன்று அடிக்கும், வலை என்றால் வேகம் குறைந்து வழிந்து போகும். விடியற்காலையில் நல்ல தண்ணீர் ஒரு செம்பு எடுத்து இலைகளில் தெளித்து விடுங்கள். மண் மேல் காய்ந்த வேப்பிலை, தென்னங்கீற்றுத் துண்டு, வைக்கோல் எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம் மூடாக்குப் போடுங்கள், வெயிலில் ஈரம் உறிஞ்சப்படுவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

செடித் தேர்வில் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். மழை வரும் வரை மிளகாயை விட்டுவிட்டு, விதையைப் பத்திரமாக வைத்துப் புரட்டாசியில் புதுக் கலவையில் போடுங்கள், ஊரில் போடுகிற அதே நாளில். இப்போதைக்குத் தட்டப்பயறு போடலாம், கீரையில் பருப்புக்கீரையும் தண்டுக்கீரையும் வரும், பீட்ரூட் நன்றாகவே உப்பைத் தாங்கும், அதன் இலையையும் பொரியல் செய்யலாம். வெங்காயம், பீன்ஸ் பக்கம் போகாதீர்கள். பூவுக்குக் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் இந்தக் காற்றில் சிரித்துக்கொண்டு நிற்கும் (நித்தியகல்யாணி நஞ்சு, சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்). கறிவேப்பிலை உப்புக்கு மிகவும் நோகிற செடி. நானே ராமநாதபுரத்தில் குடியிருந்த வீட்டில் மூன்று கன்றைப் போர்த் தண்ணீரால் கொன்றிருக்கிறேன், இரும்புச் சத்துக் குறைவு என்று நினைத்து மருந்து வாங்கித் தெளித்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுப்படித் தண்ணீர் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகைக்கு ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தைப் பாருங்கள். சுற்றிலும் கடல், ஆனால் வெளியூர்களுக்கெல்லாம் மல்லிகைப் பதியன் அங்கிருந்துதான் போகிறது. மணல் பூமியில் பெய்த மழை கீழே இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய பாளமாக மிதக்கிறது, கொஞ்சம் தோண்டினால் ஊற்றில் நல்ல தண்ணீர். உப்புக் காற்றுக்கு நடுவிலும் வேருக்கு நல்ல தண்ணீரும் வடிகிற மணலும் கிடைத்துவிடுகின்றன. உங்கள் மல்லிகைத் தொட்டியில் மணலை இன்னும் அரைப் பங்கு கூட்டுங்கள், முடிந்தால் அந்தப் பக்கத்துப் பதியனையே வாங்கி வையுங்கள்.

வீட்டுக்குள் வைக்கும் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்பது 1989-இல் வந்த நாசா ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு. அந்தச் சோதனை காற்றுப் புகாத பெட்டிக்குள் நடந்தது. கதவும் சன்னலும் திறந்திருக்கிற வீட்டில், ஒரு மணி நேரத்தில் கடற்காற்று செய்கிற வேலையை நாலு தொட்டி செய்ய முடியாது. அதை நம்பி ஐநூறு, ஆயிரம் கொடுத்து மலைநாட்டுச் செடி வாங்க வேண்டாம். ஆனால் செடி வையுங்கள், கண்டிப்பாக வையுங்கள், பச்சையைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும். சன்னல் ஓரத்தில் ஓமவல்லி, கற்றாழை, மருள் போதும், மூன்றும் வாரம் இரண்டு தடவைக்கு மேல் தண்ணீர் கேட்காது, சளி பிடித்தால் ஓமவல்லி இலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

உரம் என்று பார்த்தால், கழுவிய பிறகு ஒரு மாதம் எதுவும் வேண்டாம். அப்புறம் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இருபது நாளைக்கு ஒரு தடவை. மண்டபம் ஊர்ப் பக்கம் கடலில் வளர்க்கிற கடற்பாசியிலிருந்து எடுத்த சாறு கடைகளில் கிடைக்கிறது, புட்டியில் போட்டிருக்கிற அளவைத் தாண்டாமல் இலையில் தெளிக்கலாம், உப்பு அழுத்தத்தில் இருக்கிற செடிக்கு அது கொஞ்சம் தெம்பு கொடுக்கும். ஆனால் அது உரத்துக்கு மாற்று இல்லை.

சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். போர்த் தண்ணீர், அடுப்படி வாளித் தண்ணீர், கறிவேப்பிலைத் தொட்டியைக் கழுவும்போது அடியில் முதலில் வடிவது, கடைசியில் வடிவது என்று நாலு எண்ணையும் குறித்து எனக்கு எழுதுங்கள். கடைசியில் வடிவது ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் அந்தத் தொட்டி பிழைத்தது. வராவிட்டால் ஜிப்சம் போட்டு மறுபடி கழுவ வேண்டியிருக்கும், அதன் அளவை உங்கள் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ராமநாதபுரம் பக்கம் போகிற வேலை இருந்தால் ஒரு பாட்டிலில் போர்த் தண்ணீரையும் ஒரு கைப்பிடி தொட்டி மண்ணையும் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்துக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள், இந்தக் கரையின் உப்பை ஆராயவே இருக்கிற இடம் அது.