380 தகைவிலான்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறோம். அந்த ஆர்வத்தில்தான் பைனாகுலர் ஒன்று வாங்கினோம். இப்போது வார இறுதிக் காலைகளில் நான், மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன் நான்கு பேரும் பறவை பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். பார்த்ததை ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் என் கணக்கில் ஏற்றுகிறேன். படங்களை ஒரு வாட்ஸப் குழுவில் போடுகிறேன்.

சென்ற மாதம் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. மகள் பத்துப் பத்தாக எண்ணி 380 என்றாள். அப்படியே பதிவு செய்தேன். சில நாட்களில், எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதே, எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டு ஒரு தன்னார்வலர் மின்னஞ்சல் அனுப்பினார். மகளிடம் சொன்னேன். "நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்களா?" என்று அழுதுவிட்டாள். இனி எதையும் எழுத மாட்டேன் என்கிறாள். பேசாமல் 100 என்று மாற்றி விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவி கூடாது என்கிறார்.

இன்னொரு விஷயம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் கூகை என்னும் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது. மகளுக்கு அதை எல்லோருக்கும் காட்ட ஆசை. குழுவில் போடலாமா? மகனுக்கோ எங்கே போனாலும் பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. அவனை என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. 380 என்பதை மாற்றாதீர்கள். 100 என்பது யாரும் எண்ணாத எண். மகள் கம்பிக்குக் கீழே நின்று எண்ணியது 380. ஒரு கேள்வி வந்ததும் அப்பா அதைக் குறைத்துவிட்டால், கேள்வி கேட்டவரை விட நீங்கள்தான் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவள் அதை மறக்க மாட்டாள்.

அந்த மின்னஞ்சல் ஏன் வந்தது என்பதை அவளுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். ஈபேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு உச்ச எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் பறவைகளை அறிந்த தன்னார்வலர்கள் வைத்த எண் அது. அதைத் தாண்டி யார் எழுதினாலும் கணினி தானாக அந்தப் பதிவைத் தனியே எடுத்து வைக்கும். பிறகு ஒரு மனிதர் அதைப் படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் எழுதிக் கேட்பார். எண்ணியது ஒரு சிறுமி என்பது அவருக்குத் தெரியாது. பல வருடமாகப் பறவை பார்ப்பவர் 380 என்று எழுதியிருந்தாலும் இதே கேள்வி போயிருக்கும். சம்பளம் வாங்காத ஒருவர் தன் மாலை நேரத்தைச் செலவழித்து அவளுடைய பதிவைப் படித்திருக்கிறார். அவளுடைய எண்ணைப் பொருட்படுத்தியதால்தான் கேட்டிருக்கிறார்.

அப்புறம், அந்தப் பதிலை அவளே எழுதட்டும். நீங்கள் திருத்த வேண்டாம். தட்டச்சு மட்டும் செய்து கொடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நின்றாள், வெளிச்சம் எப்படி இருந்தது, பறவைகள் உட்கார்ந்திருந்தனவா பறந்துகொண்டிருந்தனவா, எப்படி எண்ணினாள் என்பதெல்லாம் இருந்தால் போதும். பத்துப் பத்தாக எண்ணினாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரிய கூட்டத்தை அப்படித்தான் எண்ண வேண்டும். முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கம்பியில் எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவில் கண்ணை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். முடிந்தால் திரும்பி வந்து இன்னொரு முறை எண்ணலாம். கூட்டத்தை வெறும் கண் மதிப்பில் சொல்பவர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

அவர் இன்னொன்றும் கேட்கலாம். எல்லாமே தகைவிலான்தானா, வேறு இனம் கலந்திருந்ததா? நியாயமான கேள்விதான். நெற்றியிலும் தொண்டையிலும் செம்பழுப்பு, அதற்குக் கீழே கருநீலப் பட்டை, ஆழமாகப் பிளந்த வால் இவைதான் தகைவிலானின் அடையாளங்கள். இளம் பறவைகளுக்கு அந்த நீண்ட வால் இறகுகள் இருக்காது, தொண்டை நிறமும் வெளிறியிருக்கும். 380 பறவைகளில் ஒவ்வொன்றின் தொண்டையையும் அவள் பார்த்திருக்க முடியாது. பக்கத்தில் இருந்தவற்றைத் தெளிவாகப் பார்த்தேன், மீதியைத் தோற்றத்தை வைத்துச் சொல்கிறேன் என்று உள்ளபடி எழுதலாம். வலசை கிளம்பும் காலத்தில் தகைவிலான்கள் கம்பிகளில் நூற்றுக்கணக்கில் திரள்வது பல நாடுகளில் நடப்பதுதான். ஆகவே அவள் சொல்வதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. ஒருவேளை அவர் ஏற்காமலே போனாலும் அந்தப் பதிவு உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும், பொதுவில் காட்டும் தரவில்தான் சேராது. இதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாம் பார்த்ததை நாலு பேருக்குச் சொன்னால், அந்த நாலு பேர் கேள்வியும் கேட்பார்கள். பத்து வயதுப் பிள்ளை இதை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்வது நல்லதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. நான்கு பேர் போகிறீர்கள். ஆனால் ஏற்றுவது நீங்கள், படம் எடுப்பது நீங்கள், குழுவில் போடுவதும் நீங்கள். மகள் எண்ணைச் சொல்வதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து அவளையே எழுத வையுங்கள். வீட்டுக்கு வந்து அவள் வாசிக்க, நீங்கள் ஏற்றுங்கள். மனைவிக்கும் தனிக் கணக்கு இருந்தால், ஒரே பட்டியலை அவருடன் பகிரும் வசதி ஈபேர்டில் இருக்கிறது. நீங்கள் பார்க்காமல் அவர் மட்டும் பார்த்த பறவையை அவர் தன் பிரதியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே கூட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி இரண்டு மடங்காக்கும் தவறும் நேராது. பிள்ளையின் பெயரில் பொதுக் கணக்கு வேண்டாம், உங்கள் கணக்கே போதும். வீட்டிலிருந்து பார்த்த பறவைகளை ஏற்றும்போது, வீடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்காமல் கொஞ்சம் தள்ளிப் பொதுவான ஓர் இடமாகக் குறிப்பதும் நல்லது.

வாட்ஸப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இது என்ன பறவை?' என்று படத்தைப் போட்டதும் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் மகள் இழப்பது அதிகம். பெயர் தெரிந்த பிறகு யாரும் பறவையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காக்கையைவிடப் பெரியதா சிறியதா, அலகு எப்படி, தரையில் நடந்ததா தத்தியதா, உட்கார்ந்ததும் வாலை ஆட்டியதா என்பதையெல்லாம் அவள் முதலில் எழுதட்டும். பறவைகளின் கையேட்டில் அவளே தேடட்டும். மாலை வரை கிடைக்காவிட்டால் அப்போது குழுவில் கேளுங்கள், அவள் எழுதிய குறிப்பையும் சேர்த்துப் போட்டுக் கேளுங்கள். மெர்லின் செயலிக்கும் இதே விதிதான். குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்வதில் அது கெட்டிக்காரச் செயலி, ஆனால் அது சொன்னது என்பதற்காக மட்டும் ஒரு பறவையைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. எந்தப் பக்கம் என்று தேடிப் பார்க்க வேண்டும், அல்லது அந்தக் குரலை நம் காதே இனம் காண வேண்டும்.

பட்டியலை முடிக்கும்போது ஈபேர்ட் ஒரு கேள்வி கேட்கும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? பலர் இதை யோசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் அந்தத் தளத்திலேயே முக்கியமான கேள்வி. ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவையை அன்று நீங்கள் காணவில்லை என்பதும் ஒரு தகவலாகிவிடுகிறது. ஒரு பறவை குறைந்துகொண்டே வருகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே காக்கையும் புறாவும் சிட்டுக்குருவியும் அரிய பறவைக்குச் சமமாகப் பட்டியலில் இருக்க வேண்டும். மீன்கொத்தியை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையை விட்டிருந்தால் 'இல்லை' என்று குறித்துவிடுங்கள், தவறில்லை.

பிரிட்டனில் பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1979இல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. அது சங்கத்தின் சிறுவர் உறுப்பினர்களுக்கான குளிர்கால வேலையாகத்தான் தொடங்கியது. ஒரு மணி நேரம் தோட்டத்தைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுத வேண்டும். வந்த பறவையே திரும்பத் திரும்ப வந்தாலும் கணக்கு பெருகாமல் இருக்கத்தான் இந்த விதி. பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டது 2001இல்தான். சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் தோட்டங்களில் எவ்வளவு குறைந்துவிட்டன என்பதைக் காட்டிய சான்றுகளில் அந்தக் கணக்கும் ஒன்று. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பறவைகளைச் சிறுவர்கள் எண்ணி எழுதியதில் தொடங்கியது அது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மார்கரெட் மோர்ஸ் நைஸ் பற்றியும் சொல்லுங்கள். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, 1928 முதல் தன் வீட்டருகே இருந்த சாங் ஸ்பாரோ என்னும் சாதாரணச் சிட்டுகளைக் கவனித்தவர். கால்களில் நிற வளையங்கள் மாட்டி ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொண்டு, எது எங்கே கூடு கட்டுகிறது, எது யாரோடு சேர்கிறது, எது எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். பறவைகளின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் பலரும் மதித்த ஆய்வு அது. அரிய பறவையைத் தேடி ஓடும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு, வாரா வாரம் போங்கள். ஒரு வருடம் கழித்து அந்த இடத்தைப் பற்றி உங்கள் மகளுக்குத் தெரிந்திருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

கூகை விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் போடாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. உங்கள் குழுவில் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் இருபது நல்லவர்கள் ஆளுக்கு ஒரு முறை கேமராவோடு வந்தால், கூகைக்கு அது இருபது முறை. மாலையில் இரை கொண்டுவரும் பறவை ஆள் நடமாட்டத்தைக் கண்டு வெளியிலேயே காத்திருந்தால் உள்ளே குஞ்சு பட்டினி. தொந்தரவு அதிகமானால் கூட்டையே விட்டுப் போகவும் வாய்ப்புண்டு. இருட்டில் டார்ச்சும் ஃப்ளாஷும் அடிப்பார்கள். ஒருவர் கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவைக்கப் பார்ப்பார். ஈபேர்ட் ஆபத்தில் இருக்கும் சில இனங்களின் இடத்தைத் தானே மறைத்துவிடும், ஆனால் உலகெங்கும் பரவலாக இருக்கும் கூகைக்கு அந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

கூகைக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து பறக்க ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். அதுவரை நீங்கள் நான்கு பேரும் தூரத்தில் நின்று, எப்போதாவது, கொஞ்ச நேரம் பாருங்கள். மகள் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். குஞ்சுகள் பறந்து போன பிறகு அந்தப் பட்டியலை அதே தேதியில் ஏற்றலாம், கட்டடத்தைக் குறிக்காமல் பகுதியை மட்டும் குறித்தால் போதும். தோழிகளுக்குப் படம் காட்டலாம், ஆனால் கட்டடத்தின் முகப்பு தெரியாத படமாகப் பாருங்கள். கைப்பேசிப் படத்தை மூலக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடமும் சேர்ந்து போகும், அதையும் கவனியுங்கள். பிள்ளையிடம் 'யாருக்கும் சொல்லாதே' என்று மட்டும் சொன்னால் அது தண்டனை போலத் தோன்றும். ஏன் என்று சொன்னால் அவளே காவலுக்கு நிற்பாள்.

மகனுக்கு அலுப்பது இயல்பு. ஆறு வயதுக் கைக்குப் பெரிய பைனாகுலர் கனம், அதன் இரண்டு கண்ணாடிகளும் சிறு பிள்ளையின் கண் இடைவெளிக்குச் சேர்ந்து வருவதே கடினம். பார் பார் என்கிறோம், அவனுக்கு இரண்டு கறுப்பு வட்டம்தான் தெரிகிறது. இப்போதைக்கு அவனிடம் அதைக் கொடுக்காதீர்கள். கையால் தொடக்கூடிய வேலை கொடுங்கள். இறகு, கூட்டிலிருந்து கீழே விழுந்த முட்டை ஓடு, சேற்றில் கால் தடம் என்று எதையாவது தேடட்டும், பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடட்டும்.

கூகை அவனுக்குத்தான் பெரிய பரிசு. அது எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். குஞ்சுகள் பறந்து போனதும், இடம் பத்திரமாக இருந்தால் நீங்கள் போய்க் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு இரண்டு உருண்டைகளை எடுத்து வாருங்கள். வெந்நீரில் ஊறவைத்து இடுக்கியால் மெதுவாகப் பிரித்தால் சின்னச் சின்ன மண்டை ஓடு, தாடை, விலா எலும்பு எல்லாம் வரும். ஒரே உருண்டையில் மூன்று நான்கு மண்டை ஓடுகள் கூட இருக்கும். அவனும் கையுறை போட்டுக்கொள்ளட்டும், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். எலும்புகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். எத்தனை எலி என்று எண்ண அக்காவின் உதவி தேவைப்படும்.

அன்புடன்