தேற்றாங்கொட்டை

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோவையிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். கல்யாணமாகி ஆறு வருடம். போன தீபாவளிக்கு, என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினார். இரண்டு நாள் பழைய கதைகள் பேசினோம். அவ்வளவுதான். என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. "மறைக்க ஒண்ணும் இல்லேன்னா பாஸ்வேர்டைச் சொல்லு" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து தினமும் ராத்திரி என் போனை எடுத்துப் பார்க்கிறார். நான் எங்கே இருக்கிறேன் என்று மேப்பிலும் பார்க்கிறார். நான் மறைக்க ஒன்றும் இல்லாதவள். ஆனால் பத்து நாளாக நானும் அவர் தூங்கிய பிறகு அவர் போனைப் பார்க்கிறேன். பாஸ்வேர்டைக் கொடுத்தது தப்பா? சட்டம் என்ன சொல்கிறது? கவுன்சலிங் போகலாமா? போன நம்பிக்கை திரும்பி வருமா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தேன். பழைய வீட்டின் பரணைச் சுத்தம் செய்ததில் ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே நாலைந்து தேற்றாங்கொட்டைகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக எதை யோசித்துக்கொண்டிருந்தேனோ, அதையே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

சிலவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த போன் அழைப்புப் பட்டியலைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்கு நடுவிலும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சையும் மணவிலக்கு வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. இரண்டுமே கோர்ட்டுக்குப் போன வீடுகள். உங்கள் வீடு அங்கே போகவில்லை, போக வேண்டியதும் இல்லை. கவுன்சலிங் தாராளமாகப் போங்கள். பாஸ்வேர்டு கொடுத்தாயிற்று, அதை விடுங்கள். மேப்பில் பார்ப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மிரட்டலோ அடியோ பதிலாக வந்தால் என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள்.

ஆனால் ஒன்றுக்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியதில் 'மறைக்க ஒன்றும் இல்லாதவள்' என்று நான்கு இடத்தில் இருக்கிறது. யாரிடம் சொல்கிறீர்கள் அம்மா? நான் என்ன நீதிபதியா? ஒரு வாழ்த்துக்குப் பதில் அனுப்பியதற்கு எதற்கு இத்தனை சத்தியம்? அப்படிச் சொன்ன கையோடு அவர் போனை எடுத்து நோண்டுகிறீர்கள்! அவர் பார்த்தால் அது சந்தேகம், நீங்கள் பார்த்தால் வேறொன்றா? பத்து நாளில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் பதினோராவது நாளும் எடுத்துப் பார்த்திருப்பீர்கள்.

அதற்குத்தான் தேற்றாங்கொட்டையைச் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊரில் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். மழை பெய்து புதுத்தண்ணீர் வந்தால் செம்மண் கரைந்து டீ நிறத்தில் இருக்கும். அப்பத்தா அதைக் குடத்தில் கொண்டுவந்து, மண்பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசு உரசென்று உரசிவிட்டு, தண்ணீரை ஊற்றி மூடிவைப்பாள். அந்தக் கொட்டையின் சத்து தண்ணீரில் கலந்து, மிதக்கும் மண்ணையெல்லாம் சேர்த்துப் பிடித்து அடிக்கு இறக்கிவிடும். எனக்கு ஏழெட்டு வயது. தெளிந்துவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறப்பேன். டம்ளரை விட்டு மோந்து வெளிச்சத்தில் பிடிப்பேன். கலங்கலாக இருக்கும். திரும்ப ஊற்றுவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "கையை விடாதய்யா, நீ பாக்குறதுனாலதான் அது தெளியல" என்பாள் அப்பத்தா. நாலு தடவை சொல்லிப் பார்த்து, ஐந்தாம் தடவை முதுகில் ஒன்று வைத்தாள்.

நம்பிக்கை என்று நாம் இன்று சொல்வதற்கு வள்ளுவர் வைத்த சொல் தெளிவு. தேறுதல் என்றும் சொல்கிறார். பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அரசன் தன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. வீட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம். அதன் கடைசிக் குறள்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் ஒருவரைத் தெளிவது, தெளிந்த பிறகு அவரைச் சந்தேகப்படுவது, இரண்டுமே தீராத துன்பம். முதல் பாதியை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். 'யாரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதே' என்று சொல்லாத பெரியவர் உண்டா? இரண்டாம் பாதியைத்தான் யாரும் வாயில் எடுப்பதில்லை. ஆராய ஒரு காலம் இருக்கிறது. அது முடிய வேண்டும். ஆராய்ச்சியே முடியாமல் போய்க்கொண்டிருந்தால் அதில் தெளிவு எங்கே வரும்? உங்கள் கணவர் ஆறு வருடம் உங்களோடு வாழ்ந்து தெளிந்தவர். இப்போது பானைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார். கலங்கலாகத்தானே தெரியும்? உங்கள் கை வேறு அதே பானைக்குள் இருக்கிறது.

நான் கற்பனையாகச் சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கலித்தொகையில் வருகிறது. தலைவனைப் பிரிந்து புலம்பித் திரிந்த பெண் அவனைச் சேர்ந்த பிறகு, தேற்றா விதையால் தேற்றிய கலங்கல் நீர்போலத் தெளிந்தாள் என்கிறார் புலவர். அந்தக் கொட்டையும், தேறினாள், தேற்றினேன் என்று நாம் சொல்வதும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது நான் செய்த தப்பினால்தான். கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு அவள் பள்ளித் தோழியிடமிருந்து மாதம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும். ஒருநாள் அதை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன். ஒன்றுமில்லை. மாமியார் கதை, மாங்காய் ஊறுகாய், ஒரு சினிமா. சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டிவிட்டேன். ஒன்றுமில்லை என்று தெரிந்ததே, நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. அடுத்த மாதமும் பிரித்தேன். அதற்கடுத்த மாதமும்.

பருக்கை காய்ந்து துருத்திக்கொண்டிருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். சண்டை போடவில்லை. அதற்கப்புறம் வந்த கடிதங்களை, படித்து முடித்ததும் விரித்தபடியே மேஜையில் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். கடிதங்களும் மாறிவிட்டன. நலம், நலமறிய ஆவல், மழை இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல். தோழிக்கு இவள் ஏதோ எழுதியிருக்க வேண்டும். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் பேச்சை நான் நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். கடிதம் மேஜைக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

நான்கு வருடம் அப்படிப் போயிற்று. நான் அந்த மேஜைப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். நான் செய்தது அது ஒன்றுதான். ஒரு சாயங்காலம் தபால்காரர் வந்துபோனார். அவள் திண்ணையில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தாள், நடுவில் ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மடித்து, உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அதில் வைத்து மூடினாள். நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்குச் சிரித்தாய் என்று கேட்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்