வாசல் சாக்கடையிலிருந்து கடல் கரை வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் அப்பாவுக்குச் சாக்கடையைச் சுத்தம் செய்யாததற்காக அபராதம் போட்டார்களாமே, உண்மையா? ஊரைச் சுத்தம் செய்ய அப்போது ஆட்களே கிடையாதா?

பதில்: உண்மைதான். அதற்கு முன்பே ஒரு தடவை குப்பைக்காகவும் மாட்டியிருக்கிறார். கையுறை செய்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியரின் பெயர் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர் ஆவணங்களில் முதன்முதலாகத் தலைகாட்டுவதே 1552 ஏப்ரலில், ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்காக. அபராதம் 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். அப்புறம் 1558 ஏப்ரலில் சாக்கடை விவகாரம். சாக்கடையைச் சுத்தமாக வைக்காத ஐந்து பேருக்குத் தலா 4 பென்ஸ் போட்டார்கள். அந்தப் பட்டியலில் என் கண் போய் நிற்பது முதல் பெயரில். பிரான்சிஸ் பர்பேஜ், 'இப்போதைய பெய்லிஃப்' என்று எழுதியிருக்கிறது. பெய்லிஃப் என்றால் ஊர்த்தலைவர். பதவியில் இருக்கும்போதே அவருக்கும் அதே 4 பென்ஸ்தான். அடுத்த ஆண்டு, 1559-ல், அபராதத் தொகையை நிர்ணயிக்கிறவர்களில் ஒருவராக ஜானையே ஊர் நியமித்தது.

ஆட்களே இல்லை என்று சொல்ல முடியாது. லண்டனில் குப்பை அள்ளுவதற்கு 'ரேக்கர்' என்று கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். ஆனால் தெரு நடுவே ஓடிய சாக்கடை வரைக்கும், தன் வீட்டு அகலத்துக்குக் கல் பாவுவதும் பெருக்குவதும் வீட்டுக்காரர் வேலை. எதிர்வீட்டுக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து அதே சாக்கடை வரை. நடுவில் ஒருவர் சும்மா இருந்துவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கும். அது எல்லோர் கண்ணிலும் படும், புகாரும் உடனே வரும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கழிவு நம் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வார்கள்?

பதில்: 17-ஆம் நூற்றாண்டு லண்டன்வாசி சாமுவேல் பெப்பீஸின் நாட்குறிப்பில் 1660 அக்டோபர் 20-ஆம் தேதியைப் பாருங்கள். எங்கே ஜன்னல் வைக்கலாம் என்று பார்க்க நிலவறைக்குள் இறங்கியவர், மலக்குவியலில் கால் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு டர்னரின் கழிவறைக் குழி நிரம்பி இவர் பக்கம் வந்திருந்தது. இப்படி வரக்கூடாது என்பதற்கு லண்டனில் இடைக்காலத்திலிருந்தே விதி உண்டு. உட்புறம் கல் கட்டிய குழி என்றால் அடுத்தவர் நிலத்திலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்க வேண்டும். கல் கட்டாதது என்றால் மூன்றரை அடி. தகராறு வந்தால், சத்தியம் செய்துகொடுத்த கொத்தனார்களும் தச்சர்களும் நேரில் வந்து அளந்து பார்ப்பார்கள்.

இங்கே ஒரு சொல் விளக்கம் அவசியம். இன்று 'சூவர்' என்றால் கழிவுநீர்க் குழாய். அன்றைக்கு அது மழைநீரும் நிலத்து நீரும் வடிகிற வாய்க்கால். வீட்டுக் கழிவு குழிக்குள் போக வேண்டும், வாய்க்காலில் விடக்கூடாது. 1815 வரை லண்டனில் இதுதான் நிலைமை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்த இரண்டு பதில்களும் புரியும்.

கேள்வி: கிராமத்தில் வயலோர வாய்க்காலை யார் தூர் வார வேண்டும்? வாராமல் விட்டால்?

பதில்: யார் நிலத்தை ஒட்டியதோ அவர். இரண்டு நிலங்களுக்கு நடுவே ஓடினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். வேலிச்செடி எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். வாய்க்கால் வெட்டுகிறவன் தன் எல்லையின் ஓரத்தில் நின்று தன் நிலத்துக்குள்தான் வெட்டுவான். வெட்டிய மண்ணைத் தன் பக்கமே போட்டு, அந்த மேட்டில் வேலிச்செடி நடுவான். ஆகவே வேறு சான்று இல்லாவிட்டால் வேலியும் வாய்க்காலும் ஒரே ஆளுடையவை. 1810-ல் ஒரு வழக்கில் நீதிபதி இதைச் சொன்னார். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அது முன்பே தெரிந்த கணக்குதான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் மானர் நீதிமன்றச் சுருள்களை வாரக்கணக்கில் படித்தேன். மானர் என்பது ஒரு பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதி. தோலில் எழுதிய நீளமான தாள், சுருக்கெழுத்து லத்தீன். ஒவ்வொரு பெயரின் தலைக்கு மேலும் சின்னதாக ஒரு தொகை எழுதியிருக்கும். அதுதான் அபராதம். முதல் இரண்டு நாள் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. வாய்க்கால், வாய்க்கால், மறுபடியும் வாய்க்கால். மூன்றாம் நாள் ஒரே ஆளின் பெயர் அடுத்தடுத்த கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலைக்கு மேலே தொகை ஏறிக்கொண்டே போனது. அதன்பின் அந்தச் சுருளைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

நடைமுறை இப்படி. பெரும்பாலும் ஈஸ்டருக்குப் பிறகு ஒன்று, செப்டம்பர் 29 புனித மைக்கேல் திருநாளையொட்டி ஒன்று என ஆண்டுக்கு இரண்டு கூட்டங்கள். ஊர்க்காரர்களே ஜூரியாக உட்கார்ந்து, எந்த வாய்க்கால் தூர்ந்துகிடக்கிறது என்று சத்தியம் செய்து சொல்வார்கள். எடுத்த எடுப்பில் காசு பிடுங்குவதில்லை. 'இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இன்ன திருநாளுக்குள் வாரிவிடு, தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ்' என்று முதலில் கெடு. அளவு 'ராட்' கணக்கில், ஒரு ராட் பதினாறரை அடி. அந்த 3 ஷில்லிங் 4 பென்ஸ் சுருளுக்குச் சுருள் வரும் தொகை. விசித்திரமாகத் தெரிந்தாலும், அது ஒரு பவுண்டில் ஆறில் ஒரு பங்கு. ஜூரியில் இருப்பவருக்கும் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு. அடுத்த நிலத்துக்காரர் தூர் வாராவிட்டால் தன் பயிர் எப்படி அழுகும் என்பது அவருக்குத் தெரியும். எந்த அதிகாரியையும்விட அவர்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்திருப்பார் என்பது என் எண்ணம்.

சாலையோரப் பள்ளங்களுக்குத் தனிச் சட்டம் இருந்தது. 1555-ல் சாலைப் பராமரிப்பைப் பாரிஷ் என்ற சர்ச் வட்டாரத்தின் தலையில் வைத்தார்கள். 1563 சட்டம், சாலையை ஒட்டிய பள்ளத்தைத் தூர் வாருவதையும் வேலியை வெட்டிவிடுவதையும் பக்கத்து நிலத்துக்காரருக்கே கொடுத்தது.

கேள்வி: கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலங்களில் கரை உடைந்தால்? கரையோரத்துக்காரர் ஒருவரே எல்லாச் செலவையும் ஏற்க வேண்டுமா?

பதில்: நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி. கென்ட் மாவட்டத்தின் ராம்னி சதுப்பில், கடலின் ஏற்றம் உச்சத்துக்கு வரும்போது தண்ணீர் வயல்களைவிட உயரத்தில் நிற்கும். நடுவில் இருப்பது டிம்சர்ச் கரை மட்டும். அங்கே 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே 24 ஜூராட்கள், அதாவது சத்தியம் செய்த ஊர்ப் பெரியவர்கள், கரையையும் வாய்க்காலையும் பார்த்துவந்தார்கள். யாராவது தன் பங்கைச் செய்யாவிட்டால் அந்தச் சதுப்பின் அதிகாரியான பெய்லிஃப் தானே செலவழித்து முடித்துவிட்டு, செலவைப் போல இரண்டு மடங்கு அவரிடம் வசூலிப்பார்.

நாடு முழுமைக்குமான ஏற்பாடு 1531-ல், எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டத்தில் வந்தது. மன்னர் நியமிக்கும் வடிகால் ஆணையர்கள் (முன்பு சொன்ன 'சூவர்' வாய்க்கால்களுக்கான ஆணையர்கள்) ஜூரி வைத்து, யார் தவறால் கேடு வந்தது என்று விசாரித்தார்கள். பணம் கொடுக்க வேண்டியவர்கள் யார் என்பதில்தான் அந்தச் சட்டத்தின் அருமை இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் மட்டும் என்று நிறுத்தவில்லை. பொது மேய்ச்சல் உரிமை உள்ளவர், மீன்பிடி உரிமை உள்ளவர், வெள்ளத்தால் நஷ்டப்படக்கூடியவர் எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

இருந்தாலும் ஆணையர்கள் வழுக்கினார்கள். தேம்ஸ் நதிக்கரை ஒன்றைப் பழுதுபார்த்த செலவு முழுவதையும் கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒருவர் மேலேயே போட்டார்கள். அந்தக் கரைக்குப் பின்னால் முழுகக்கூடிய நிலம் வேறு பலருக்கும் இருந்தது. 1598-ல் ரூக் வழக்கில் நீதிமன்றம் இதைத் தள்ளியது. ஆணையர்களுக்கு விருப்ப அதிகாரம் உண்டு, ஆனால் அது நியாயத்துக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டது, முழுகும் அபாயம் உள்ள எல்லோரும் பங்கு தர வேண்டும் என்றது. கரையோரம் நிலம் இருந்தது என்பதற்காக ஒருவர் தலையில் மொத்தச் சுமையையும் ஏற்றியது அநியாயம்தான். இப்போது படித்தாலும் அந்தத் தீர்ப்பு எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

சரி, பரம்பரையாக ஒரு குறிப்பிட்ட கரையைக் காக்கும் கடமை ஒருவருக்கு இருக்கிறது, அவரும் ஒழுங்காகப் பராமரித்துவந்தார், திடீரென்று ஒரு பேரலை வந்து உடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1609-ல் கீலி வழக்கில் இதற்கும் பதில் கிடைத்தது. அவர் மேல் தவறில்லை என்றால் பலன் பெறுகிற எல்லோரும் செலவைப் பகிர வேண்டும். அவர் அலட்சியத்தால் உடைந்திருந்தாலும், ஆபத்து அவசரமானதென்றால் ஆணையர்கள் எல்லோரிடமும் வசூலித்து முதலில் கரையைக் கட்டலாம். பணம் கொடுத்தவர்கள் அவர்மேல் வழக்குப் போட்டு அதைத் திரும்ப வாங்குவது அதற்குப் பிறகு.